பீங்கான் விளக்குக்கு மின்சாரம்

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. ஊர் ஊராகக் கம்பி போகப் போக, மண்ணெண்ணெய் விளக்குகள் பரண் ஏறின. அவற்றில் பீங்கான் தொட்டி வைத்த மேசை விளக்குகளை இறக்கித் துடைத்து, பல்பு மாட்டிப் பார்க்க இன்று சிலருக்கு ஆசை. நல்ல ஆசைதான், செய்யும் விதத்தில்தான் சிக்கல்.

எளிதாகத் தோன்றும் வழி, தொட்டியின் அடியில் டிரில் போட்டு ஒயரை உள்ளே ஏற்றுவது. துளை விழுந்த தொட்டி பிறகு எண்ணெய் தாங்காது, பழம்பொருளாக விலையும் போகாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டிரில் அதிர்விலேயே உடையும். அதற்குப் பதில், திரியைத் தாங்கும் பர்னரைக் கழற்றி, அதே மரையில் உட்காரும் பல்பு ஹோல்டரைப் பொருத்தலாம். ஒயர் பக்கவாட்டில் வெளியே வரும். இதற்கென்றே அடாப்டர்கள் உண்டு. பர்னரைக் காட்டினால் லேத் பட்டறையிலும் அளவுக்கு மரை வெட்டித் தருவார்கள். பர்னரை மட்டும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். முன்னதாகத் தொட்டியில் மண்ணெண்ணெய் மிச்சமில்லாமல் சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்துவது அவசியம்.

‘பீங்கானில் ஷாக் அடிக்காதே’ என்பார்கள். பாதி உண்மை. மின்கம்பத்து இன்சுலேட்டரும் பழைய ஃப்யூஸ் கட்டையும் பீங்கான்தான். நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த விருத்தாசலம் பீங்கான் தொழிலில் அகல் விளக்கும் செய்கிறார்கள், மின்சாமானும் செய்கிறார்கள். ஆனால் விளக்கின் கழுத்து பித்தளை. தோல் உரிந்த ஒயர் அதில் பட்டால் 230 வோல்ட் விளக்கைத் தொடுகிற கைக்கு வரும். ஆகவே மூன்று கம்பி ஒயர், கழுத்தோடு இணைத்த எர்த், மூன்று முள் பிளக். சுவர்ப் பிளக்கில் எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்றும் சோதித்துவிடுங்கள்.

அந்தக் கழுத்தைத் தொட்டியோடு பிடித்திருப்பது பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நாளானால் உதிரும், ஆட்டிப் பார்த்து, தளர்ந்திருந்தால் புதிதாக வைத்துக்கொள்ளலாம். குண்டு பல்பின் சூடு இதற்கு ஆகாது. 3 வாட் எல்.இ.டி. போதும், பட்டைத் திரி விளக்கு தந்த வெளிச்சத்தைவிட அதுவே கூடுதல்.

கடையில் வாங்கிய புது நகல் விளக்கு என்றால் தாராளமாகத் துளை போடுங்கள். பாட்டி வைத்திருந்தது என்றால், எலெக்ட்ரீசியன் கையில் கொடுக்கும்போதே ‘டிரில் வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.