தோற்றால் தலைவரை மாற்ற வேண்டுமா?

2024 ஜூன் 4-ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை முடிந்ததிலிருந்து, அம்மா மண்டபம் பக்கம் காலை நடைக்கு வரும் எங்கள் செட்டில் ஒரே பேச்சுதான். அ.தி.மு.க. தன் தலைமையை மாற்ற வேண்டுமா, வேண்டாமா?

காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட அந்தக் கட்சிக்குக் கிடைக்கவில்லை. நம் திருச்சியில் துரை வைகோ தீப்பெட்டிச் சின்னத்தில் நின்று, அ.தி.மு.க. வேட்பாளரை மூன்று லட்சம் வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஸ்ரீரங்கத்தில் 2011-இல் ஜெயலலிதாவும், 2015 இடைத்தேர்தலிலும் 2016-லும் வளர்மதியும் வென்ற கட்சி இது. 2021-இல் சட்டமன்றத் தொகுதியும் தி.மு.க.வின் பழனியாண்டிக்குப் போய்விட்டது.

"ஆளை மாற்றினால்தான் உருப்படும்" என்பது எங்கள் செட்டில் ஒரு கட்சி. "மாற்றினால் இருப்பதும் உடைந்துபோகும்" என்பது இன்னொரு கட்சி. தோல்வி என்பதற்காக மட்டும் தலைவரை மாற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆனால் மாற்ற நினைத்தால் அதற்கு ஒரு வாசல் இருக்க வேண்டும்.

நம் தலைமுறை பார்த்ததுதானே. கருணாநிதி 1977, 1980, 1984 என்று மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் ஆட்சியைப் பிடிக்க முடியாமல் நின்றார். தி.மு.க. அவரை மாற்றவில்லை, 1989-இல் ஆட்சிக்கு வந்தது. எம்.ஜி.ஆர். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் இரண்டே இடங்களைப் பெற்றார். அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்து மறுபடி முதல்வரானார். 1996-இல் ஜெயலலிதா பர்கூரில் தானே தோற்றார். கட்சிக்குக் கிடைத்தவை 4 இடங்கள். இரண்டே ஆண்டில், 1998 மக்களவைத் தேர்தலில், அவருடைய கூட்டணி 30 இடங்களைப் பிடித்தது.

இவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கருணாநிதி முரசொலியில் உடன்பிறப்புகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1986 உள்ளாட்சித் தேர்தலில் கட்சியைத் தூக்கி நிறுத்தினார். ஜெயலலிதா பா.ம.க., ம.தி.மு.க., பா.ஜ.க. என்று புதுக் கூட்டணி கட்டினார். ஆள் மாறவில்லை, வழி மாறியது.

எடப்பாடி பழனிசாமிக்கும் நியாயமாகவே பேசுவோம். 2021-இல் ஆட்சி போனபோதும் அ.தி.மு.க. 66 இடங்களில் வென்றது; அப்போது இரட்டைத் தலைமை. ஒற்றைத் தலைமை வந்தது 2022 ஜூலையில்தான். அப்படிப் பார்த்தால் 2024-தான் அவருடைய முதல் பெரிய பரீட்சை.

எனக்கு உறுத்துவது வேறு. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. 2022-இல் அதோடு சில நிபந்தனைகள் சேர்ந்தன. போட்டியிடுபவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும். இன்னும் பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். 2023 மார்ச்சில் பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். தலைமையை அண்டியிருக்கும் மாவட்டச் செயலாளர்களில் இருபது பேர் இன்னொருவருக்காகக் கையெழுத்துப் போடுவார்களா? தி.மு.க.வும் இதில் ஒசத்தி இல்லை. 1969-இலிருந்து அங்கே இரண்டே தலைவர்கள், தந்தையும் மகனும்.

காங்கிரஸில் 2019 தோல்விக்குப் பின் ராகுல் விலகினார். அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தார்கள். ஆனாலும் 2022 அக்டோபரில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. கார்கே ஜெயித்தார், 1,072 வாக்கு வாங்கித் தோற்ற சசி தரூரைக் கட்சி வெளியே தள்ளவில்லை. போட்டி வந்தாலே கட்சி உடையும் என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

"அவர்கள் கட்சி விவகாரம், நமக்கென்ன?" என்று கேட்கலாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் போனது நினைவிருக்கும். அன்று அரசைக் கேள்வி கேட்க எதிர்க்கட்சிக்குத் தெம்பு இருந்தது. ஆளுங்கட்சி எதுவானாலும் அந்தத் தெம்பு எதிரே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நம் ஊர்க் குறை மனுவோடு நின்றுவிடும்.

தோற்ற கட்சி ஆறு மாதத்துக்குள் இரண்டு காரியம் செய்யட்டும். பூத் வாரியாக ஏன் தோற்றோம் என்று தொண்டர்களைக் கேட்டு எழுதி வைக்கட்டும். பிறகு உறுப்பினர்கள் ரகசியமாக வாக்களிக்கட்டும். பழைய தலைவரே ஜெயித்தால் அவர் பலம் இரட்டிப்பாகும். தோற்றால், அடுத்த தேர்தலில் ஊரே சொல்லப்போவதைக் கட்சி முன்கூட்டியே தெரிந்துகொண்டதாக ஆகும்.