உயிரியலுக்குக் கணக்கு வேண்டாமா?

"கணக்கு வராது சார், உயிரியல் பிரிவில் சேருகிறேன்" என்று எங்கள் வாசுதேவநல்லூர் மாணவர்கள் என்னிடம் சொல்வதுண்டு. கணக்குக்கு அஞ்சி உயிரியலுக்கு ஓடுவது வீண் ஓட்டம் என்பது, கல்லூரியில் இயற்பியல் நடத்தும் என் கருத்து.

1964-ல் மிச்சிசன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் மாட்டின் இரத்தப் புரதத்தைச் சுண்டெலிகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியால் செலுத்தினார். நடுத்தர அளவு பெற்ற எலிகளின் உடல் அதை எதிர்த்து எதிர்ப்பொருள்களை உண்டாக்கியது. மிகுந்த அளவு பெற்றவற்றில் எதிர்ப்பு அடங்கிவிட்டது. வியப்பென்னவென்றால், மிகக் குறைந்த அளவிலும் எதிர்ப்பு மங்கியது! புரதம் ஒன்றே, அளவுதான் வேறு. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் பொறுத்துக்கொள்ள வேண்டும். காசநோய்க் கிருமியைப் பொறுக்கக் கூடாது. ஆகவே இது வெறும் எலிக்கதை அன்று.

ஒரு தாளை எடுங்கள். தடுப்புச் செல்கள் பெருகும் வேகம் = தூண்டல் − இயல்பான இழப்பு − ஒடுக்கம் என்று எழுதுங்கள். புரதம் மிகக் குறைவானால், தூண்டல் இழப்பை ஈடுகட்டாது. புரதம் கூடக்கூடத் தூண்டல் ஓர் எல்லையில் நின்றுவிடும், ஒடுக்கமோ ஏறிக்கொண்டே போகும் என்று வைத்துக்கொள்வோம். வரைபடம் போட்டுப் பாருங்கள்: நடுவில் மட்டும் ஒரு மேடு! உடலுக்குள் நடப்பது இவ்வளவு எளிதன்று. ஆயினும் எதை எதை அளக்க வேண்டும் என்பதற்கு வழி கிடைத்துவிட்டதல்லவா?

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், வைரசுக்கும் தடுப்புச் செல்களுக்கும் நடக்கும் போரை இத்தகைய சமன்பாடுகளால் ஆராய்ந்துவந்த நரேந்திர தீட்சித் மருத்துவர் அல்லர், வேதிப்பொறியியல் பேராசிரியர்.

மேல்நிலையில் கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவையே கேளுங்கள். கிடைக்காவிட்டால், நண்பனின் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி, வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தையாவது போட்டுப் பாருங்கள்.