கேட்டால்தானா?

குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் குழந்தை சுகமாய்ப் பிறக்கும் என்பது பாட்டிமார் வாக்கு. வீட்டு முற்றத்துக்குச் சொன்னது. அதை ஆலை மேற்பார்வையாளர் எடுத்து ஓதுகிறாரே, அந்த வேடிக்கையைத்தான் காண்கிறோம் அம்பத்தூரிலே!

நடமாட்டம் நல்லது, மருத்துவர் மறுக்கவில்லை. ஆனால் நடப்பது வேறு, எட்டுமாதக் கருவைச் சுமந்து நாளெல்லாம் ஓரிடத்தில் நிற்பது வேறு. கால் வீங்குகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, "ஓய்வு தேவை" என்று பூவிருந்தவல்லி மருத்துவர் சீட்டு எழுதுகிறார். சீட்டு இடுப்பிலே, அவளோ இயந்திரத்தின் எதிரிலே!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவுக்காக அம்பேத்கர் வாதாடினார். 1961இல் நாடு முழுமைக்கும் மகப்பேற்று நலச் சட்டம் வந்தது. 2017இல் விடுப்பு 26 வாரமாயிற்று. இரண்டு குழந்தை பெற்றவளுக்கோ 12 வாரந்தான், அது தனிக் கதை. பேற்றுக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கும் முன்னே ஒரு மாதம், கடும் வேலையும் நெடுநேரம் நிற்பதும் கூடாதென்றது அச்சட்டம். 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் நடுவிலே ஒரு சிறு சொற்றொடர், தோழர்களே: அவள் கேட்டுக்கொண்டால்!

யார் கேட்பது? ஆவடியில் நிரந்தர ஊழியம் பார்ப்பவள் கேட்பாள். ஒப்பந்தக்காரர் தயவில் நாட்கூலி பெறுபவள் வாய் திறப்பாளா? திறந்தால், "நாளை முதல் வரவேண்டாம்" என்ற விடைதானே காத்திருக்கிறது! பறிபோவதை அறிந்தவளிடம் "உரிமையைக் கேள்" என்பது உதவியா, ஏளனமா?

வெட்டுங்கள் அந்தச் சொற்றொடரை. மருத்துவர் சீட்டு வந்த அன்றே இருக்கையும் இலகுவான வேலையும் தருவது முதலாளியின் கடமை என்று எழுதுங்கள். தராதவருக்குத் தண்டம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.