தனித்து நிற்கும் தாயும் நமது சங்கமும்

கூட்டுறவு ஆய்வாளரின் கண் பெரும்பாலும் பேரேட்டிலேயே படிந்திருக்கும். பட்டு இருப்பு, ஜரிகை எடை, கூலிப் பட்டியல், தவணை கடந்த கடன் ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டுவிட்டால், சங்கம் முழுவதையும் பார்த்துவிட்டதாக ஒரு நிறைவு உண்டாகிறது. தறி ஓடும் வீட்டிற்குள் நுழையும் வாய்ப்பு எப்போதோ ஒரு முறைதான் வாய்க்கிறது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் அவ்வாறு நாம் சென்ற ஒரு வீட்டைப் பற்றியும், அங்குச் செல்வதற்கு முன்னர் நாமே செய்த ஒரு காரியத்தைப் பற்றியும் அங்கத்தினர் பெருமக்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலை நாள், காலை பத்தரை மணி. குழித்தறியில் ஓர் அம்மையார் அமர்ந்து நெய்துகொண்டிருந்தார். தறியின் ஓரத்தில் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் கரை நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தான். “தம்பி, இன்று பள்ளிக்கூடம் விடுமுறையா?” என்று கேட்டோம். அவன் விடை கூறவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தான். “இந்தப் பாவு இறங்கும் வரைக்கும்தான் ஐயா” என்றார் அவர்.

பட்டு நெசவு அறியாத விவசாய அங்கத்தினருக்காக இதனைச் சற்று விளக்குவது நலம். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று அமைந்து, இரண்டும் இழைக்கு இழை கோக்கப்படுவதே கோர்வை. அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவருக்கு இரண்டு கைதான் உண்டு. ஆகவே ஓரத்தில் துணையாள் ஒருவர் இருந்தே தீரவேண்டும். கணவன் நெய்தால் மனைவி துணையிருப்பாள். அதற்குத் தனிக் கூலி எழுதும் வழக்கம் இல்லை. மனைவியே நெய்ய, கணவன் இல்லாமற்போனால், துணைக்கு வருவது யார்? கூலி கொடுத்து ஆளை வைத்துக்கொண்டால் கோர்வைக்குக் கிடைக்கும் கூடுதல் கூலி அந்த ஆளோடு போய்விடும். எனவே தனித்து நெய்யும் பெண்கள் கோர்வை இல்லாத, கூலி குறைந்த சேலையையே ஏற்றுக்கொள்ளுகின்றனர். கை தேர்ந்தவராயினும் இதுதான் நிலை. இந்த அம்மையாரும் அவ்வாறே நெய்துவந்தவர். அவர் திடீரென்று கோர்வைப் பாவு கேட்டு வாங்கியதற்குக் காரணம் இருந்தது.

காரணத்தைச் சொல்லுமுன் அவரது ஒரு நாளைப் பார்ப்போம். கணவர் வேற்றூருக்குப் பிழைப்புத் தேடிப் போய் மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. கடிதமும் இல்லை, காசும் இல்லை. மகனுக்கு இளையவள் ஒரு பெண் குழந்தை. விடியற்காலை நான்கரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். தண்ணீர் பிடித்து உலை வைத்தபின், அரிசி வேகும் நேரத்தில் அன்றைக்கு வேண்டிய தார்களை இராட்டையில் சுற்றிவிடுவார். பிறர் வீட்டில் மாமியாரோ பாட்டியோ செய்யும் வேலை அது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தறிக்குழியில் காலை இறக்கினால் நண்பகல்வரை எழுவதில்லை. சிறியவளுக்குக் காய்ச்சல் கண்ட நாளில் தறிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துக் கிடத்தியிருக்கிறார். நெற்றியில் ஈரத்துணி மாற்றும்போதெல்லாம் கையை நன்றாகத் துடைத்து உலர்த்திக்கொண்ட பிறகே பாவைத் தொடவேண்டும். ஈரம் பட்டால் பட்டில் கறை விழும், கறைக்குக் கூலியில் பிடித்தம் உண்டு. இவ்வாறு ஒரு நாளில் இருபது முறை கை துடைத்ததாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, அந்தச் சேலை முடியத் தாமதமானதற்குச் சமாதானமாகச் சொன்னார். ஆய்வுக்கு வந்திருக்கிறோம் அல்லவா!

சங்கத்திற்குச் செல்லும் நாள் இன்னும் தொல்லை. சேலையைக் கொடுத்து, அளந்து, எடை பார்த்து, அடுத்த பட்டும் ஜரிகையும் வாங்கித் திரும்புவதற்குள் மாலையாகிவிடும். பள்ளி விட்டு வரும் குழந்தைக்குக் கதவைத் திறக்க ஆளில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். பட்டு வழங்கும் வேலையை முற்பகலில் முடித்துக்கொள்ளச் சங்கத்திற்கு ஒரு செலவும் ஆகாது. செயலாளர்கள் மனம் வைத்தால் நாளைக்கே செய்யலாம்.

இனி நம்முடைய காரியத்திற்கு வருவோம். அந்தத் தறி சங்கத்தின் ஏட்டில் கணவர் பெயரில் இருக்கிறது. பங்குத் தொகையும் அவர் பெயரில்தான். அவர் ஊரில் இல்லாமையால், செயலாளர் நல்லெண்ணத்துடன் மனைவியிடம் கையொப்பம் பெற்றுக் கூலியை அவர் கையிலேயே கொடுத்துவந்திருக்கிறார். அந்தச் சீட்டுகள் நம் பார்வைக்கு வந்தபோது, “அங்கத்தினர் அல்லாதவருக்குக் கூலி வழங்கப்பட்டுள்ளது, முறைப்படுத்துக” என்று ஆட்சேபக் குறிப்பு எழுதினோம். சங்கமும் பணிந்தது. அடுத்த இரண்டு சேலைக்கான கூலி அங்கத்தினரின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அந்தக் கணக்கின் அட்டை கணவரின் சட்டைப்பையில் எந்த ஊரிலோ இருந்தது. மூன்று ஆண்டுகளாக எழுதாத மனிதர், பணம் விழுந்த அன்றே அதனை எடுத்துக்கொண்டார். இரண்டு சேலை என்பது அந்த வீட்டில் ஏறக்குறைய ஒரு மாதத்து உழைப்பு. அம்மையாரின் காதுத் தோடு அடகுக்குப் போயிற்று. அதை மீட்பதற்காகக் கோர்வைப் பாவு வந்தது. கோர்வைக்காகச் சிறுவன் தறியோரத்தில் உட்கார்ந்தான். நாம் எழுதியது விதிப்படி சரியே. அந்தச் சரியான குறிப்பின் பயனைத்தான் அன்று காலை பத்தரை மணிக்குக் கண்டோம்.

2019-20 ஆம் ஆண்டின் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் நெசவாளரில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள் என்று கூறுகிறது. நம் சங்கங்களின் அங்கத்தினர் பதிவேட்டைப் புரட்டினால் அந்த விகிதத்தைக் காண முடிவதில்லை. நெய்வது ஒருவர், ஏட்டில் இருப்பது ஒருவர். கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் ஒற்றுமையாக வாழும்வரை இது உறுத்துவதில்லை. அவர் நீங்கிய அன்றே உறுத்தத் தொடங்குகிறது. சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தையே பாருங்கள். கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்து, அரசு 4 காசு சேர்த்து, அங்கத்தினர் கணக்கில் வைக்கும் நல்ல திட்டம் அது. ஆனால் இந்த வீட்டில் அந்தக் காசு முழுவதும் நாடா தொடாத ஒருவர் பெயரில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

கணவனை இழந்தவருக்காவது இறப்புச் சான்றிதழ் என்று ஒரு காகிதம் உண்டு. அதைக் காட்டி வாரிசாக உரிமை கேட்கலாம். கைவிடப்பட்டவருக்கு எந்தக் காகிதமும் இல்லை. நம் மாநிலத்தில் ஆதரவற்ற விதவையர் உதவித்தொகை 1975-இல் வந்தது. கைவிடப்பட்ட மனைவியர்க்கென்று ஒன்று வர 1986 ஆயிற்று. அரசுக்கே அவர் கண்ணில் பட அத்தனை காலம் பிடித்தது போலும்! காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்வதற்குச் சட்டம் ஏழாண்டு கேட்கிறது. அதற்குள் பிள்ளை பள்ளிப் பருவத்தையே கடந்துவிடுவான். விவசாயச் சங்கங்களிலும் இதே கதைதான். பட்டா, கணவர் பெயரில். களை எடுப்பதும் அறுப்பதும் மனைவி. பயிர்க்கடன் கேட்டால் நிலத்துக்கு உரியவர் வரவேண்டும் என்கிறோம்.

பிள்ளை பெயரில் சிறுசேமிப்புத் தொடங்க வந்த தாயிடம் “தகப்பன் கையொப்பம் எங்கே?” என்று கேட்கும் எழுத்தர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இதே கேள்வியை ரிசர்வ் வங்கி கேட்டதால் எழுந்த கீதா ஹரிஹரன் வழக்கில், தந்தை உயிரோடு இருக்கும்போதே, அவர் பிள்ளையின் பராமரிப்பில் இல்லாவிடில், தாயே இயற்கைக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்புக் கூறிவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அது சில மேசைகளை வந்தடையவில்லை.

“அவளை அங்கத்தினராக்கிவிட்டால், நாளைக்குக் கணவன் திரும்பி வந்து சண்டையிட்டால் என்ன செய்வது?” என்று ஒரு தலைவர் நம்மைக் கேட்டார். வரட்டும். அவருடைய பங்குத் தொகையை எவரும் தொடப்போவதில்லை. பதினெட்டு வயது நிறைந்து, நம் எல்லைக்குள் குடியிருந்து, தறியில் நெய்யும் ஒருவர் தம் பெயரில் மனுக் கொடுத்துப் பங்கு எடுத்துக்கொள்ளுவதை மனைவி என்ற காரணத்தால் மறுக்க இடமில்லை. நுழைவுக் கட்டணமும் பங்குத் தொகையும் இரண்டு மூன்று சேலைக் கூலியில் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டக்கூடியவையே. தறிச் சரிபார்ப்பின்போது வீட்டுக்காரர் யார் என்று கேட்பதற்குப் பதிலாக நெய்கிறவர் யார் என்று கேட்டு எழுதினால் பாதிச் சிக்கல் தீரும். ஆய்வாளர்களாகிய நாமும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

கோர்வைக்கும் வழி இல்லாமலில்லை. தனித்து வாழும் இரண்டு பெண்கள் ஒரு தறியில் சேர்ந்தால் ஒருவர் நெய்ய மற்றவர் துணையிருக்கலாம், முறை மாற்றிக்கொள்ளலாம். வீட்டுத் தறியில் அது அக்கம்பக்கத்துப் பேச்சுக்கு இடமாகும் என்று அஞ்சுகிறார்கள். சங்கத்துக்குச் சொந்தமான தறிக்கூடம் உள்ள ஊர்களில் இரண்டு கோர்வைத் தறிகளை இதற்கென ஒதுக்கி, கூலியை இருவர் பெயரிலும் பிரித்து எழுதலாம். துணையாளின் உழைப்புக்கு முதன்முதலாக ஏட்டில் ஒரு பத்தி கிடைக்கும். பிள்ளைகளின் இடத்தில் வயது வந்தவர் உட்காருவர். பதினான்கு வயது நிறையாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சங்கச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த எழுத்தைப் படிக்கவேண்டிய வயதுப் பையன் தறியோரத்தில் இருக்கிறான்.

அந்த அம்மையாரின் மனு நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட்டுச் சென்ற மாதம் ஏற்கப்பட்டது. இப்போது கூலி அவருடைய கணக்கிற்கே செல்கிறது. பாவும் இறங்கிவிட்டது, பையன் பள்ளிக்குச் செல்கிறான் என்று செயலாளர் எழுதியிருக்கிறார். நம் ஆட்சேபக் குறிப்பினால் போன இரண்டு சேலைக் கூலி மட்டும் இதுவரை திரும்பவில்லை. தோடும் இன்னும் அடகுக் கடையிலேயே இருக்கிறது.