அசதிக்கும் ஒரு கணக்கு

புற்றுநோய் வைத்தியம் முடிந்து வீடு திரும்பியவரை ஊர் கொஞ்ச நாள்தான் நோயாளியாக நடத்தும். பிறகு, “அதான் எல்லாம் சரியாயிடுச்சே, இன்னும் என்ன படுக்கை?” என்ற பேச்சு வந்துவிடும். கீமோவும் ‘கரண்ட்’ என்கிற கதிர்வீச்சும் முடிந்த பிறகும் பல மாதம், சிலருக்கு வருடக்கணக்கில், அசதி விடுவதில்லை. தூங்கி எழுந்தாலும் தீராது. செய்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. தெர்மாமீட்டரில் தெரியாத குறை என்பதால் சோம்பல் என்று பெயர் வாங்கிவிடுகிறது.

காடாம்புலியூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். முந்திரி உடைக்க உட்கார்ந்தால் முன்பெல்லாம் பொழுது சாய்ந்துதான் எழுவார். இப்போது காலை 11 மணிக்கே கை தளர்ந்துவிடுகிறது. கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு யோசனை சொன்னாள்: “தினம் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பும்மா. அசதி பத்துக்கு எத்தனை, இன்னைக்கு என்ன வேலை செஞ்சே, அவ்வளவுதான்.”

பதிவுகளை வரிசையாகக் கேட்டபோது விஷயம் பிடிபட்டது. தெம்பான நாளில், தேங்கிக் கிடந்த துணி, மாவு, முந்திரி எல்லாவற்றையும் அக்கா ஒரே மூச்சில் முடித்துவிடுவார். அடுத்த இரண்டு நாளும் எட்டு, ஒன்பது என்று சொல்வார். இப்போது தெம்பிருந்தாலும் பாதியில் நிறுத்திக்கொள்கிறார். வெயில் தாழ்ந்ததும் நடக்கிறார். போன் அடிகளை எண்ணுகிறது. அசதி போய்விடவில்லை, படுத்தே கிடக்கும் நாட்கள் குறைந்திருக்கின்றன. வீட்டில் யாரும் இப்போது சோம்பல் என்பதில்லை.

அசதி என்றால் படுத்துக்கொள் என்பதுதான் நம் வழக்கம். ஆனால் ‘ஜாமா ஆன்காலஜி’ இதழில் 2017-இல் வந்த தொகுப்பு, 113 ஆய்வுகளை அலசி, இந்த அசதிக்கு மருந்துகளைவிட உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் நன்றாகக் கேட்பதாகச் சொன்னது. இந்த அசதிக்காகவே நெதர்லாந்தில் உருவான ‘அன்டயர்’ செயலியை 799 பேரிடம் சோதித்தார்கள். 12 வாரத்தில், செயலி கிடைத்தவர்களுக்கு மற்றவர்களைவிட அசதி குறைந்திருந்தது. செயலியைப் படித்து நடப்பது எல்லாருக்கும் ஆகாது. பேசி அனுப்புவது யாருக்கும் ஆகும்.

ஆனால் எண் ஏறியபடியே இருந்தால் பதிவு செய்வதோடு விடக்கூடாது. ரத்தசோகை, தைராய்டு, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று வைத்தியம் உள்ள காரணங்கள் பின்னால் இருக்கலாம். “ஒரே அசதியா இருக்கு டாக்டர்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, ஒரு மாதக் கணக்கைக் காட்டினால் அவருக்கும் பிடி கிடைக்கும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டவர் இருக்கும் வீட்டில், “அசதி பத்துக்கு எத்தனை?” என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டால் என்ன? அதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.