எந்த சிலிண்டர்னு கேளுங்க

பழைய கார் வச்சிருக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க. வண்டி ‘மிஸ்ஸிங்’ அடிக்குதுன்னு பட்டறைக்குப் போனா, அன்னிக்கே பிளக், வயர் செட், காயில்னு பில் வந்துடும். அடுத்த வாரம் மறுபடி அதே உதறல். அப்புறம் கார்புரேட்டர். கடைசியில, “சார், எஞ்சினை இறக்கணும்”. இதுக்குப் பேரு பழுது பார்க்கிறதா? இருட்டுல கல்லெறியிறது. எறியிற கல்லுக்குக் காசு நம்மளது.

எங்க வீட்டுல ஓடுறது கார்புரேட்டர் காலத்து மாருதி 800. 796 சிசி, மூணே சிலிண்டர். ஒண்ணு படுத்துக்கிச்சுன்னா ஏத்தத்துல ரெண்டாவது கியர்லயே மூச்சு வாங்கும். போன ஐப்பசியில அப்படி ஆனப்போ, டவுன்ல ஒரு பட்டறையில பானெட்டைக்கூடத் திறக்காம சத்தத்தை மட்டும் கேட்டுட்டு எஞ்சின் வேலைன்னு சொல்லிட்டாங்க. எங்க ஊர்ல கிணத்து மோட்டாரும் டிராக்டரும் பார்க்கிற பெரியவர் ஒருத்தர்தான் அதைச் சரி பண்ணினார். அவர் செஞ்சதுல ரகசியம் ஒண்ணுமே இல்லை.

வண்டியை ஐடிலிங்கில விட்டுட்டு, ரப்பர் பிடி போட்ட குறடால ஒவ்வொரு பிளக் வயரா கழட்டி மாட்டினார். வெறுங்கையால தொடாதீங்க, அதுல ஓடுறது ஆயிரக்கணக்கான வோல்ட். வயரைக் கழட்டினதும் எஞ்சின் இன்னும் தடுமாறினா, அந்த சிலிண்டர் உழைக்குதுன்னு அர்த்தம். கழட்டியும் ஒரு மாத்தமும் இல்லைன்னா, அதுதான் வேலை செய்யாம உக்காந்திருக்கு. எங்களுக்கு ரெண்டாவது.

அந்த பிளக்கைக் கழட்டிப் பார்த்தா பெட்ரோல்ல நனைஞ்சு கிடந்தது. பிளக் முனை வெளிர் பழுப்பா இருந்தா எரியிறது நல்லா எரியுதுன்னு பொருள். எண்ணெய்ப் பிசுக்கோட கறுப்பா இருந்தாத்தான் ரிங், வால்வு சீல்னு உள்ளே சந்தேகப்படணும். பக்கத்து சிலிண்டரோட பிளக்கை மாத்திப் போட்டார். கோளாறு பிளக்கோட போகாம அங்கேயே நின்னது. அப்போ பிளக் குத்தமில்லை. பொழுது சாய்ஞ்சதும் பானெட்டைத் திறந்து வச்சு எஞ்சினை ஓட்டினோம். வயர்ல இருந்து எஞ்சின் மேல நீலமா பொறி தாவுது. எலி கடிச்சிருக்கு! நெல்லு மூட்டைக்குப் பக்கத்துல வண்டி நின்னா வேறென்ன நடக்கும். வயரை மாத்தினதோட சரி. மாத்தியும் தீரலைன்னாத்தான் கம்ப்ரஷன் கேஜ். அதுக்கும் பிறகுதான் எஞ்சினை இறக்குற பேச்சு.

புது வண்டிக்கு இந்த வித்தை வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துடும். அதுக்கு ஸ்கேனர் இருக்கு. பி0302னு வந்தா ரெண்டாவது சிலிண்டர். ஆனா எந்த சிலிண்டர்னுதான் அது சொல்லும், ஏன்னு சொல்லாது. அதுக்கு மனுஷன்தான் குனியணும். எந்த வண்டியா இருந்தாலும் ‘ஓடுதே, பார்த்துக்கலாம்’னு மட்டும் ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்து எண்ணெயைக் கழுவி, கீழே ஆயில்ல கலக்கும். அப்புறம் நிஜமாவே எஞ்சினை இறக்க வேண்டி வரும்.

மெக்கானிக்கை மட்டும் திட்டினா நியாயமில்லை. நாலாயிரத்துக்கு பார்ட்ஸ் பில் நீட்டினா பேசாம கொடுக்கிறீங்க. கண்டுபிடிச்ச கூலி முந்நூறுன்னா, “கால் மணி நேர வேலைக்கா?”ன்னு சண்டை. கண்டுபிடிக்கிறதுக்குக் காசில்லைன்னா அவர் எதை விப்பார்? பார்ட்ஸைத்தான். உரக்கடையிலயும் இதே கதை. பயிர் மஞ்சளிச்சா யூரியா. அடியில பழைய இலை மஞ்சளிச்சா தழைச்சத்துக் குறைவு, மேலே கொழுந்து வெளுத்தா இரும்புச்சத்தா இருக்கலாம், அதுக்கு யூரியா கொட்டி என்ன பிரயோஜனம்? எந்த இலைன்னு யாரும் கேக்கிறதில்லை.

அடுத்த தடவை பட்டறையில ஒரே கேள்வி கேளுங்க: “எந்த சிலிண்டர்ங்க?” பதில் வரலைன்னா சாவியை வாங்கிட்டு வந்துடுங்க. பதில் சொல்றவர் கிடைச்சா, அந்த முந்நூறை முதல்ல எடுத்து வைங்க.