பொன்னாடை யாருக்கு?

புதிய பஸ் வண்டியொன்று தெருவில் ஓடத் தொடங்குமுன்னரே அதன் முகப்பில் மாலை விழுந்துவிடுகிறது. சில்லுகளின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள், நாடா வெட்டுகிறார்கள். வெட்டிய பிரமுகர் சாரதியின் ஆசனத்தில் ஏறி அமர்ந்து, சுக்கானைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார். அந்த ஆசனத்துக்கு உரியவர் அவ்வேளை எங்கே நிற்கிறார்? கூட்டத்தின் ஓரத்திலே, பிரமுகர் எப்போது இறங்குவார் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். படம் முடிந்ததும் பிரமுகர் தமது சொந்த வாகனத்தில் ஏறிப் போய்விடுகிறார். அந்தப் பஸ்ஸில் அவர் இனி ஒருபோதும் ஏறப்போவதில்லை.

வன்னிப் பெருநிலப்பரப்பிலே, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும், இத்தகைய வைபவங்களை நாம் பல தடவை கண்டிருக்கிறோம். பின்னர் பாராட்டு விழா என்று வேறொன்று வருகிறது. 'சிறந்த சேவை', 'சீரிய தலைமைத்துவம்' என்ற சொற்கள் ஒலிபெருக்கியில் முழங்குகின்றன. தலைவருக்குப் பொன்னாடை, பணிப்பாளருக்குப் பொன்னாடை, விழாச் செலவை ஏற்ற வர்த்தகருக்கும் ஒன்று. பட்டியலின் அடியிலே, நேரம் போதாதென்று விரைவாக வாசித்து முடிக்கப்படும் பகுதியிலே, ஒரு சாரதியின் பெயரும் ஒரு நடத்துநரின் பெயரும் இருந்தால் அது எமது அதிர்ஷ்டம்.

பொதுப் போக்குவரத்தில் நற்பணி செய்தோரைப் பாராட்ட வேண்டாமென்று நாம் கூறவில்லை. பாராட்டு விலாசம் தவறிப் போய்க்கொண்டிருக்கிறது என்கிறோம். விலாசம் தவறுவதற்குக் காரணமும் உண்டு: எது சேவை, எது தலைமை என்பதை அளக்கும் கோலே எம்மவர் கையில் பிழையாயிருக்கிறது.

சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1958 ஜனவரி 1ஆந் தேதி இந்நாட்டின் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அதற்கு முன் பஸ்கள் கம்பெனி முதலாளிகளின் சொத்து. காசு விளையும் தெருவில் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓடுவதும், காசு விளையாத ஊரைத் திரும்பியும் பாராதிருப்பதும் அவர்களது வழக்கம். 1948இல் இரத்தினம் அறிக்கையும், 1954இல் சன்சோனி அறிக்கையும், 1956இல் ஜயரத்ன பெரேரா அறிக்கையும் தேசியமயத்தையே பரிந்துரைத்தன. இறுதியில் பண்டாரநாயக்க அரசாங்கத்தில் போக்குவரத்து அமைச்சராயிருந்த மைத்திரிபால சேனாநாயக்கா காலத்தில் அது நடந்தது. பின்னாளில் ஏறத்தாழ 7,000 பஸ்களும் 50,000க்கு மேற்பட்ட ஊழியர்களும் கொண்டு, உலகின் மிகப் பெரிய பஸ் நிறுவனங்களுள் ஒன்றாக அச்சபை வளர்ந்தது.

அந்த வளர்ச்சியில் எமக்கு முக்கியமானது எண்ணிக்கையன்று. யாழ்ப்பாணப் பகுதியில் ஓடிய தனியார் பஸ்களிலே தாழ்த்தப்பட்ட மக்கள் காசு கொடுத்தும் ஆசனத்தில் அமர முடியாதிருந்த காலமொன்று இருந்தது. சாதியின் பேரால் பொது இடங்களில் இழைக்கப்படும் தடைகளைக் குற்றமாக்கி 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டத்தை இயற்றியவர்கள் கொழும்பிலிருந்தார்கள். அதனை ஆசனத்துக்கு ஆசனம் நிறைவேற்ற வேண்டியிருந்தவர், கையில் ரிக்கற் புத்தகத்துடன் கூட்டத்துள் நெருக்குண்டு நின்ற நடத்துநர். ஏறத்தாழ அதே காலத்தில், 1955 டிசம்பரில், அமெரிக்காவின் மொன்ட்கொமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற தையற்காரப் பெண் வெள்ளையருக்காகத் தமது பஸ் ஆசனத்தை விட்டெழ மறுத்தார். தொடர்ந்து 381 நாட்கள் அந்நகரின் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறவில்லை. விடியலில் எழுந்து மைல் கணக்கில் நடந்து வேலைக்குப் போன சமையற்காரிகளும் சலவைத் தொழிலாளிகளுமே அங்கு தலைமை தாங்கினார்கள் என்போம். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரை உலகறியும். அவரை அந்த இடத்தில் நிறுத்திய கால்களின் பெயரை யார் அறிவார்?

வன்னிக்கு வருவோம். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 ஜூனில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்ட அந்த ஆண்டுகளில் இங்கு போக்குவரத்து என்று ஏதேனும் இருந்ததென்றால், அது யாருடைய கைவண்ணம்? மண்ணெண்ணெயைக் கொண்டு இயந்திரத்தை ஓடவைக்கக் கற்றுக்கொண்டவர்கள் பொறியியற் கல்லூரியில் படித்தவர்களல்லர். பழைய தட்டிவான்களின் உடைந்த பாகத்துக்குப் பதிலாகப் பட்டறையில் இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தியவர்கள் ஒரு பாராட்டுப் பத்திரத்தையும் கண்டவர்களல்லர். நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியிலே மறுநாள் பிரசவ வேதனைப்பட்ட பெண் மருத்துவமனைக்குப் போனாள். ஏ9 தெரு 2002இல் திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. மூடிய தெருவுக்கு உள்ளேயும் மனிதர் பயணஞ் செய்தே தீரவேண்டியிருந்தது. 2009இன் தொடக்கத்தில் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சனம் கிழக்கே கிழக்கே ஒதுங்கியபோது பரந்தன் – முல்லைத்தீவுத் தெருவில் வண்டி செலுத்தியவர்களை எந்தச் சபை கௌரவித்தது?

பஸ்ஸில் ஏறுவதே உயிரைப் பணயம் வைப்பதாயிருந்த நாட்டில் நாம் வாழ்ந்தோம். வவுனியாவுக்குத் தெற்கே கெப்பித்திகொல்லாவையில் 2006 ஜூன் 15ஆந் தேதி கிளைமோர்க் குண்டுக்கு இலக்கான பஸ்ஸிலே அறுபதுக்கு மேற்பட்ட சிங்களக் கிராமத்தவர் மாண்டனர். மடுவுக்கு அண்மையில் தட்சணாமடுவிலே 2008 ஜனவரி 29ஆந் தேதி அவ்வாறே தாக்கப்பட்ட பஸ்ஸிலே பதினொரு தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். ஒரு தரப்பின் சாவை எண்ணி மறுதரப்பின் சாவை மறப்பவர்களுக்கு இங்கு இடமில்லை. அத்தகைய தெருக்களில் காலையில் சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பியவர், எந்த மொழி பேசியவராயினும், செய்ததுதான் சேவை.

அது போர்க்காலம், இப்போது சமாதானம் வந்துவிட்டதே என்பீர்கள். ஆகட்டும், சமாதான காலத்துக் கணக்கையே பார்ப்போம். புகையிரதப் பாதை புதிதாக இடப்பட்டு, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 மார்ச்சில் பளைக்கும் அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி மீண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் விழா. ஒவ்வொரு முறையும் மாலை. ஆனால் பாதை தெருக்களைக் குறுக்கறுக்கும் கடவைகள் பலவற்றில் ஒழுங்கான தடுப்புக் கதவு இருக்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் புகையிரதத்தையே காணாத ஊர்களில், மாடு சாய்த்துவரும் சிறுவனுக்கும் சைக்கிளில் போகும் முதியவருக்கும் அந்த வேகம் பழக்கமில்லை. விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றைத் தடுக்கப் பொலிஸ் திணைக்களத்தின் கீழ்க் கடவைக் காப்பாளர்கள் அமர்த்தப்பட்டார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த ஊதியம் நாளொன்றுக்கு 250 ரூபா. மாதம் முழுவதும் நின்றாலும் 7,500 ரூபா. ஒரு கொட்டில், கையில் ஒரு கொடி, வெயில், பனி, நுளம்பு. வண்டி வரும் வேளையில் கண்ணயர்ந்தால் ஒரு குடும்பமே அழிந்துபோகும் பொறுப்பு. நிரந்தர நியமனம் கேட்டு வடக்கின் காப்பாளர்கள் ஆண்டுக்கணக்காக மறியலிருந்தார்கள், பணிப்பகிஷ்கரிப்புச் செய்தார்கள், மகஜர் கொடுத்தார்கள். அந்த 250 ரூபாவை ஒரு விழாவின் பூமாலைச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க வாசகர்களை அழைக்கிறோம். மாலை ஒரு மணி நேரத்தில் வாடும். கடவையிலே காப்பாற்றப்பட்ட பிள்ளை மறுநாளும் பாடசாலைக்குப் போகும். எது சிறந்த சேவை என்று தீர்மானிக்க இதற்கு மேலும் நடுவர் குழு வேண்டுமா?

வருமானத்தை வைத்தே திறமையை மதிக்கும் மனப்பான்மை இன்னொன்று. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் தெருவுக்கு வந்த நாளிலிருந்து இந்த மனப்பான்மை கொழுத்து வளர்ந்தது. சபையைப் பிராந்தியங்களாக உடைத்தார்கள். பின்னர் 'மக்கள்மயம்' என்ற அழகிய பெயரில் டிப்போக்களைத் தனித்தனிக் கம்பெனிகளாக்கினார்கள். 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் மீண்டும் ஒன்றாய் ஒட்டினார்கள். உடைத்தவருக்கும் மாலை, ஒட்டியவருக்கும் மாலை! ஆனால் கொக்கிளாய்க்கோ நெடுங்கேணிக்கோ துணுக்காய்க்கோ போகும் பஸ் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இலாபம் காட்டாது. அங்கே ஊருக்கும் ஊருக்கும் இடையே காடு கிடக்கிறது. ஏறுகிறவர்களிற் பாதிப்பேர் பருவச்சீட்டு வைத்திருக்கும் மாணவர். மீதிப்பேர் மருந்தெடுக்கப் போகும் முதியவர், சந்தைக்கு இரண்டு கட்டு வாழையிலை கொண்டுபோகும் பெண்கள். அதிக காசு சேர்த்த டிப்போவே சிறந்த டிப்போ என்றால், கொழும்பு நெடுந்தெருவில் ஓடும் வண்டிக்கு முன் இந்த வண்டி என்றைக்குமே தோற்றதாகும். நட்டத்திலும் ஓடுவதற்காகத்தானே மக்கள் தம் வரிப்பணத்தால் ஒரு சபையை வைத்திருக்கிறார்கள்!

மாலையில் ஊருக்குப் போய், இரவு அங்கேயே தரித்து, விடியற்காலை புறப்படும் பஸ்ஸைப் பற்றிப் பட்டணத்து வாசகர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பஸ் நிற்கும் சந்தியில் விளக்கிருந்தால் புண்ணியம். சாரதியும் நடத்துநரும் ஆசனங்களையே பாயாக்கிப் படுக்கிறார்கள். யாரோ ஒரு வீட்டார் கொடுக்கும் பிட்டும் சம்பலும் இராச்சாப்பாடு; அயல் வளவுக் கிணற்றில் குளிப்பு. மாரியில் குளம் வான்பாய்ந்தால் தெரு எது, வாய்க்கால் எது என்று தெரியாது. 2018 டிசம்பர் வெள்ளத்திலே கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. கோடையிலே யானை. இத்தனைக்கும் பிறகு காலை ஐந்தரைக்கு அந்த வண்டி கிளம்பினால்தான் க.பொ.த. உயர்தரம் படிக்கும் பிள்ளை முதற்பாடத்துக்கு வகுப்பிலிருக்கும். அது ஒருநாள் கிளம்பாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அன்று பாடசாலை இல்லை. பல நாள் கிளம்பாவிட்டால் பெற்றோர் அவளை, குறிப்பாகப் பெண்பிள்ளையை, மறித்துவிடுவார்கள்.

தொழிலாளியைத் தெய்வமாக்கும் நோக்கம் எமக்கில்லை. பரந்தன் – முல்லைத்தீவுத் தெருவோரத்தில் ஒரு காலை நாம் நின்றபோது, வெள்ளைச் சீருடையில் கைநீட்டி நின்ற பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கடந்து ஒரு பஸ் நில்லாமற் போயிற்று. பின்னால் வந்ததும் நிற்கவில்லை. இரண்டிலும் இடமிருந்தது. பிள்ளைகளின் முகத்தில் கோபங்கூட இல்லை, அவ்வளவு பழகிப்போயிருந்தார்கள். அந்தச் சாரதிகளை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் தனியார் வண்டியில் நாட்சேகரிப்பிலிருந்தே ஊழியரின் கூலி பிரிக்கப்படும்போது, மாணவரின் அரைக்கட்டணம் அவர்களுக்குப் பாரமாகிவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கும் சாரதிக்கும் இடையே பகையை மூட்டிய ஏற்பாடு எதுவோ, அதனை உண்டாக்கியவர்கள் மேடையில் அமர்ந்திருக்கிறார்கள்.

தலைமை என்றால் என்னவென்பதற்கு வவுனியாவே ஒரு பாடம். அங்கே புதிய பஸ் நிலையம் 2017இல் திறக்கப்பட்டது. கட்டடம் நன்று. ஆனால் எந்தப் பஸ் எந்நேரம் புறப்படுவது, சபைக்கும் தனியாருக்கும் நேர அட்டவணையில் என்ன பங்கு என்பதை முதலில் பேசித் தீர்க்காமலே நாடா வெட்டப்பட்டது. நிலையம் மாதக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தது. 2018இன் தொடக்கத்தில் பஸ்களை அங்கே மாற்ற முற்பட்டபோது வடமாகாணமெங்கும் சபை ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பிரயாணிகள் தெருவில் நின்றார்கள். நேர அட்டவணையை ஒழுங்குசெய்வது படம் எடுக்கத்தக்க காரியமன்று. ஆதலால் அதை எவரும் முதலிற் செய்வதில்லை.

மேலிருந்து வரும் தலைமை எல்லாமே போலி என்றும் நாம் சொல்லமாட்டோம். 1964 டிசம்பரில் எமது வடபகுதியைத் தாக்கிய அதே சூறாவளி, கடலுக்கப்பால் தனுஷ்கோடியை அழித்துப் பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. அப்பாலத்தை 46 நாட்களில் சீர்செய்து முடித்த இளம் பொறியியலாளர் ஸ்ரீதரனுக்கு இந்திய ரயில்வே அமைச்சரின் விருது கிடைத்தது. கிடைக்க வேண்டியதே, அவர் வேலைத்தலத்தில் நின்றார். ஆயினும் உப்புக்காற்றில் இரும்புத் தூலங்களைத் தூக்கி நிறுத்திய தொழிலாளரை அந்த விருதின் கதை பேசுவதில்லை.

எமது கோரிக்கை பொன்னாடையன்று. இரவில் தரிக்கும் ஊர்களில் சாரதிக்கும் நடத்துநருக்கும் கட்டிலும் மலசலகூடமும் கொண்ட ஓர் அறை. கடவைக் காப்பாளருக்கு வாழத்தக்க மாதச் சம்பளம். மாணவரை ஏற்றுவதால் வரும் நட்டம் ஊழியரின் கூலியைத் தொடாதபடி ஓர் ஏற்பாடு. தடை நாட்களில் வண்டி ஓட்டியவர்களின் பெயர்களை, அவர்களில் எஞ்சியோர் உயிருடனிருக்கும்போதே கேட்டெழுதிய ஒரு பதிவேடு. பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தில் இவையெல்லாம் நடந்துவிடாதென்று எமக்குத் தெரியும். அந்தப் பணம் எதற்கு ஒதுக்கப்பட்டது என்பதையே நாம் கேட்கிறோம்.

அடுத்த பாராட்டு விழாவுக்கு ஆயத்தம் நடப்பதாயின், அமைப்பாளர்கள் அதற்கு முன்தினம் மாலை முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்ப் பக்கமாகப் போகும் வண்டியில் ஏறட்டும். இரவு அந்த ஊரிலேயே தங்கி, விடியற்காலை அதே வண்டியில், பிள்ளைகளோடு நின்றபடி திரும்பி வரட்டும். மேடையை எங்கே போடுவதென்று அதன்பின் பேசுவோம்.